முதலில் காயட்டும்

தாம்பரத்துக்காரர்களுக்குப் படகு ஒன்றும் புதிதல்ல. 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி இருபத்துநான்கு மணி நேரத்தில் இங்கே 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மொட்டைமாடியில் நின்றவர்களை இறக்கிக்கொண்டு போனவற்றில் கடற்கரைக் குப்பங்களிலிருந்து லாரியில் ஏறி வந்த ஃபைபர் படகுகளும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் அதே காட்சி. அந்தப் படகுகளைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் கவனித்திருக்கலாம்: அடிப்பக்கம் முழுக்க ஒட்டு. ஒட்டின் மேல் இன்னொரு ஒட்டு, அதன்மேல் கிடைத்த பெயின்ட். ஆனாலும் சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது. அந்த ஒட்டுகளைப் போட்டவர்களிடம்தான் இந்தப் பத்திக்கு வேண்டிய விஷயத்தில் பாதி இருக்கிறது.

பேச வந்தது வெள்ளத்துப் படகைப் பற்றி அல்ல, பாய்மரப் படகைப் பற்றி. சேலையூரில் எங்கள் தெருத் தம்பி ஒருவர், ஐ.டி. வேலையில் இருப்பவர், பழைய லேசர் படகு ஒன்றை வாங்கிவந்து கார் ஷெட்டில் கவிழ்த்துப் போட்டுவிட்டார். கார் தெருவில் நிற்கிறது. அதற்காக வீட்டில் அவர் வாங்கிய பேச்சு தனிக்கதை. "அண்ணா, இதைத் தேத்த முடியுமா?" என்று கேட்டார். தேற்றலாம். எந்த வரிசையில், எந்த மாதத்தில் என்பதுதான் விஷயம். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

லேசர் ஒருவர் மட்டும் ஓட்டும் சின்னப் படகு. கனடாவின் புரூஸ் கர்பி வரைந்தது, 1970களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. நீளம் 4.2 மீட்டர் சொச்சம், அகலம் 1.4 மீட்டருக்குக் கொஞ்சம் உள்ளே, உடல் மட்டும் 59 கிலோ. 2019லிருந்து ஐ.எல்.சி.ஏ. என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பழகிய வாய்க்கு இன்னும் லேசர்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் நேத்ரா குமணன் ஓட்டியது இதே உடலில் 5.76 சதுர மீட்டர் பாய் ஏற்றிய ரேடியல் வகை; விஷ்ணு சரவணன் ஓட்டியது 7.06 சதுர மீட்டர் பாய் வைத்தது. சென்னைத் துறைமுகத்துக்குள் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911லிருந்து இருக்கிறது. துறைமுகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் முன்னின்று தொடங்கியது. ஆக, நூறு வருடமாகச் சின்னப் பாய்மரங்கள் ஓடும் ஊர் இது. போட்டிக்கு லாயக்கில்லாமல் போன பழைய உடல் எப்போதாவது ஒன்று கைமாறும். நம் தம்பிக்கு வாய்த்தது அப்படி ஒன்று.

வீட்டில் வைக்க இடம் போதுமா என்று யோசிப்பவர்களுக்கு: ஒரு ஸ்விஃப்ட் காரைவிட ஓரடிக்கு மேல் நீளம், ஓரடி அகலம் குறைவு. கொண்டுவரும்போது மட்டும் ஜாக்கிரதை. டாடா ஏஸ் வண்டியின் தொட்டி ஏழடிதான், பாதிப் படகு வெளியே தொங்கும், ஜி.எஸ்.டி. சாலையில் அப்படிப் போனால் முதல் சிக்னலிலேயே பதில் சொல்ல வேண்டிவரும். வீடு மாற்றுகிறவர்கள் எடுக்கும் பதினான்கடி வண்டியில் மயிரிழையில் அடங்கிவிடும். இறக்கியதும் பழைய கார் டயர் மூன்றின் மேல் வையுங்கள். சிமென்ட் தரையில் நேராக வைத்தால் கீறும், சாய்த்துச் சுவரில் நிறுத்தினால் நாள்பட வளையும்.

அடுத்து எல்லோரும் செய்வது, உப்புத்தாள் வாங்கிவந்து தேய்க்க ஆரம்பிப்பது. தேய்க்காதீர்கள். ரெசின் டின்னையும் திறக்காதீர்கள். படகை எடை போடுங்கள்.

வீட்டில் நாம் ஏறி நிற்கும் எடை மெஷின் இரண்டு போதும். முன்பக்கம் ஒரு கட்டை வைத்து அதன்கீழ் ஒன்று, பின்பக்கம் ஒன்று. இரண்டு எண்ணையும் கூட்டினால் படகின் எடை. லேசர் உடல் 59 கிலோ என்று சொன்னேன் அல்லவா, உங்களுடையது 67 காட்டினால் அந்த எட்டு கிலோ எங்கிருந்து வந்தது? பழைய ஒட்டு, பழைய பெயின்ட் ஒரு கிலோ, இரண்டு கிலோ இருக்கலாம். மிச்சம் தண்ணீர். கிலோவுக்கு ஒரு லிட்டர். குலுக்கிப் பார்த்தால் சத்தம் வராது. ஏனென்றால் அது உள்ளே தேங்கி நிற்கவில்லை, தட்டுகளின் நடுவில் ஊறிக் கிடக்கிறது. இந்தப் படகின் தளம் இரண்டு மெல்லிய ஃபைபர் தட்டுகளுக்கு நடுவே நுரைப்பலகை வைத்துச் செய்தது. எடை குறைவாகவும் விறைப்பாகவும் இருக்க அந்த ஏற்பாடு. ஒரு ஆணித்துளை வழியாகத் தண்ணீர் புகுந்து, நுரையும் வருஷக்கணக்கில் மிதிபட்டு நொறுங்கியிருந்தால், டீயில் தோய்த்த ரஸ்க்கின் கதிதான் அதற்கு. காலால் மிதித்தால் தளம் அமுங்கும்.

தண்ணீர் எப்படிப் புகுந்தது என்பது தெரியாமல் அடைக்கக் கூடாது. லேசரின் உடல் மேலும் கீழும் மூடிய ஒரு வெற்றுப் பெட்டி. வெயிலில் கிடக்கும் படகின் உள்காற்று அறுபது டிகிரிக்குப் போவது நம் ஊரில் பெரிய விஷயமில்லை. அப்படியே தூக்கி முப்பது டிகிரித் தண்ணீரில் போடுகிறீர்கள். காற்று ஏறத்தாழ ஒன்பது சதவீதம் சுருங்கப் பார்க்கும். சுருங்கும் காற்று வெளியிலிருந்து எதையாவது இழுத்தே தீரும். காற்றை இழுத்தால் நல்லது. தண்ணீருக்கடியில் ஒரு மயிரிழைக் கீறல் இருந்தால் தண்ணீரைத்தான் இழுக்கும். படகு ஓடி நனைவதைவிட இப்படி உறிஞ்சிக் குடிப்பது அதிகம். இதற்காகவே, உட்காரும் குழியின் முன்சுவரில், தளத்தின் விளிம்புக்குக் கீழே, ஒரு சின்ன மூச்சுத்துளையை வைத்துத்தான் செய்கிறார்கள். ஓட்டை என்று நினைத்து அதை சிலிக்கான் வைத்து அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. நம் தம்பி வாங்கிய படகிலும் முன்னாள் சொந்தக்காரர் யாரோ அதைச் சுத்தமாக அடைத்து, அதன்மேல் பெயின்டும் அடித்திருந்தார்!

சந்தேகப்பட வேண்டிய இடங்களில் முதலாவது பாய்மரக் கம்பம் இறங்கி நிற்கும் குழாய். அந்தக் குழாயின் அடி, படகின் அடித்தட்டோடு ஒட்டுமிடத்தில்தான் பாயின் முழு உந்துதலும் போய் முட்டும். கம்பம் ஆடி ஆடி, உள்ளே விழுந்த மணலையும் வைத்து அரைத்து, அடியைத் தேய்த்துவிடும். பார்ப்பது சுலபம். குழாயில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் குழாய் கசிகிறது. படகு பிளந்து கம்பம் சாய்ந்த கதைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில் தொடங்கியவை. அதனால் இந்த ஒரு சோதனையை மட்டும் யார் சொன்னாலும் தள்ளிப்போடாதீர்கள்.

மற்ற இடங்களுக்குச் சோப்புத் தண்ணீர். பின்பக்க மூடியைக் கழற்றி, அங்கே ஒரு குழாயைச் செருகி வாயால் மெதுவாக ஊதினால் போதும். தளமும் உடலும் சேரும் விளிம்பு, சுக்கான் கீல்கள், கைப்பிடித் திருகுகள், நடுவில் இறங்கும் பலகையின் கூடு, எல்லாவற்றிலும் பிரஷ்ஷால் சோப்பு நுரை தடவிக்கொண்டே போங்கள். கசியும் இடத்தில் குமிழி வரும். பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தொட்டியில் அமுக்கிப் பார்க்கும் அதே வித்தைதான். ஆனால் அவர் கடைக் கம்ப்ரஸரைக் கொண்டுவந்து செருகிவிடாதீர்கள். பெரிய பரப்பில் சின்ன அழுத்தம்கூடப் பல நூறு கிலோ விசையாகிவிடும், தளம் விளிம்போடு பிய்த்துக்கொண்டு வரும்.

சரி, ஓட்டைகளைக் கண்டுபிடித்தாயிற்று, அடைக்கலாமா? கூடாது. உள்ளே ஈரத்தை வைத்து வெளியே அடைத்தால் ஈரத்தைச் சிறைவைத்த மாதிரிதான். மேல்தளத்தில், கம்பக் குழாய்க்குப் பக்கத்தில் ஐந்து அங்குல வட்டம் ஒன்று அறுத்து, திருகு மூடி போட ஏற்பாடு செய்யுங்கள். புதுப் படகில் ஓட்டை போடுவது பாவம் என்பார்கள். பழைய படகில் அது புண்ணியம். அந்த வழியாகத்தான் கைவிட்டுக் குழாயின் அடியைப் பலப்படுத்தவும் முடியும். வட்டத்தில் பழைய கம்ப்யூட்டர் மின்விசிறி ஒன்றைப் பொருத்தி, பின்மூடியைத் திறந்துவிட்டால் காற்று உள்ளே ஓடும்.

இங்கேதான் ஊர்க்கணக்கு வருகிறது. வெளிநாட்டுப் புத்தகங்களில் விசிறியை இரவும் பகலும் ஓடவிடச் சொல்வார்கள். சென்னையில் அது வேலைக்காகாது. ராத்திரிக் காற்றில் ஈரப்பதம் எண்பது, தொண்ணூறு சதவீதம். குளிர்ந்துபோன ஃபைபர் மேல் அது பட்டால் உள்சுவரிலேயே வியர்க்கும். காயவைப்பதாக நினைத்துத் தண்ணீரை ஏற்றிக்கொண்டிருப்போம். தாம்பரத்துக்கு ஒரு சௌகரியம் உண்டு. பெசன்ட் நகரில் நண்பகலுக்குள் வந்துவிடும் கடற்காற்று இங்கே வந்து சேரப் பிற்பகல் ஆகிவிடும். அதுவரை அடிப்பது தரைக்காற்று, வறண்டது. முதுகு எரிகிறதே என்று நாம் திட்டும் அந்தக் காற்று படகுக்கு அமிர்தம். காலை பத்து மணிக்கு விசிறியைப் போட்டு, கடற்காற்று முகத்தில் பட்டதும் நிறுத்தி, வட்டத்தை மூடிவிடுங்கள். வாரம் ஒருமுறை எடை. எண் இறங்கிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அதுதான் உங்கள் படகின் உலர்ந்த எடை. 59க்கு வந்தே ஆகவேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். போட்டிக்கா போகிறோம்? 62, 63ல் நின்றாலும் பாதகமில்லை. வேண்டியது எண் குறைவது அல்ல, எண் மாறாமல் நிற்பது.

இதெல்லாம் நம் கடற்கரைக்குப் புதிதும் அல்ல. கட்டுமரம் வைத்திருந்தவர்கள் கடலிலிருந்து வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து மணலில் காயப்போடுவார்கள். மலைவேம்பு, கேரளத்திலிருந்து வந்த அல்பீசியா போன்ற லேசான மரங்கள். லேசான மரம் தண்ணீரை வேகமாகக் குடிக்கும், குடித்தால் அமுங்கும், தள்ளவும் கனக்கும். அதனால் மறுபடி கடலுக்குப் போகுமுன் காய்ந்தாக வேண்டும். 1979ல் சென்னையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தார், அபிராமபுரம் செயின்ட் மேரீஸ் சாலையில் அலுவலகம் போட்டு, கரையில் ஏற்றி இறக்கக்கூடிய புதுப் படகு வகைகளை எண்பதுகளில் சோதித்துப் பார்த்தார்கள். குமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியக்காரரான பியர் ஜில்லே ஒட்டுப்பலகையில் கட்டுமரம் செய்து காட்டி, அந்தப் பாடுகளை 1985ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். கடைசியில் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்த ஃபைபர் படகுகள் கட்டுமரங்களைக் கிட்டத்தட்டக் கரையைவிட்டே அனுப்பிவிட்டன. ஃபைபர் தண்ணீர் குடிக்காது, அவிழ்த்துக் காயப்போட வேண்டாம் என்பது பெரிய நிம்மதிதான். ஆனால் அதில் ஒட்டுப் போடும்போது பழைய சட்டம் அப்படியே திரும்பி வந்துவிடும்.

அதைக் கண்ணால் பார்க்க வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போனோம். ஒரு மணி நேரப் பயணம். மணலில் கவிழ்ந்திருந்த படகின் அடியில் ஒரு மேஸ்திரி வேலை செய்துகொண்டிருந்தார். கரையேற்றும்போது கல்லில் இடித்து, உள்ளங்கை அகலத்துக்கு உடைந்திருந்தது. கிரைண்டரால் சுற்றிலும் சீவிவிட்டு, பிளாஸ்டிக் தாள் ஒன்றை அதன்மேல் விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். "அண்ணே, ஏன் சும்மா இருக்கீங்க?" என்றார் நம் தம்பி. "காயணும் தம்பி. வெயில்ல வேர்க்குதா பாரு. வேர்த்தா உள்ள ஈரம் இருக்குன்னு அர்த்தம். ஈரத்துல ஒட்டினா நாளைக்கே தோலு மாதிரி உரிஞ்சிடும்." அரை மணி நேரம் கழித்துத் தாளின் உட்பக்கம் கடுகளவு துளிகள் நின்றன. அன்றைக்கு அவர் ரெசினே கலக்கவில்லை. மறுநாள் மத்தியானம்தான் ஒட்டுப் போட்டார். கருவி எதுவும் இல்லாத இந்த ஈரமானிக்கு ஈடாக நான் இன்னொன்றைப் பார்த்ததில்லை.

சீவும் அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடைந்த துளையை மட்டும் அடைத்தால் அது மூடி போட்டது மாதிரி. எப்போது வேண்டுமானாலும் கழன்று விழும். தட்டின் கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சுற்றிலும் சரிவாகச் சீவ வேண்டும். மூன்று மில்லிமீட்டர் கனம் என்றால் 36 மில்லிமீட்டர். ஐந்து சென்டிமீட்டர் துளைக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் வட்டம் சீவியாக வேண்டும். நல்ல இடத்தையும் ஏன் கெடுக்கிறோம் என்று மனசு கேட்கும். ஒட்டு பிடிப்பதே அந்தச் சரிவில்தான். சீவுவதற்கு முன்னால் அசிட்டோன் துணியால் துடைத்துவிடுங்கள். அழுக்கும் மெழுகும் இருக்கும்போதே சீவினால் அதைத் துளைகளுக்குள் தேய்த்து ஏற்றிவிடுவீர்கள்.

மூடிய படகில் உள்ளே கைவிட முடியாத இடத்தில் துளை இருந்தால் பின்னால் தாங்குவதற்கு என்ன செய்வது? மேஸ்திரி அதற்கும் ஒரு வழி சொன்னார். பாலிதீன் மேல் மெல்லிய ஃபைபர் தகடு ஒன்றை முன்கூட்டியே வார்த்து, நீள்வட்டமாக வெட்டி, நடுவில் கம்பியைக் கோத்துக்கொள்ள வேண்டும். துளை வழியாகப் பக்கவாட்டில் நுழைத்து, உள்ளே போனதும் திருப்பி, ஓரத்தில் பசை தடவியிருப்பதால் கம்பியைப் பிடித்து இழுத்தால் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். கம்பியை ஒரு குச்சியில் சுற்றி நிறுத்திவிட்டால் மறுநாள் அதுவே பின்பலகை.

ரெசின் விஷயம் கொஞ்சம் ஆபத்தானது, காது கொடுத்துக் கேளுங்கள். காசிமேட்டுத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள கடைகளில் கிடைப்பது பாலியெஸ்டர் ரெசின். கூடவே ஊதா நிறத்தில் கோபால்ட், தண்ணீர் மாதிரி ஹார்ட்னர். இந்த இரண்டையும் நேருக்கு நேர் ஒன்றாக ஊற்றவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்து, அதன் பிறகே ஹார்ட்னர். ஹார்ட்னர் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி மாட்டாமல் மூடியைத் திறக்காதீர்கள். மேஸ்திரிகள் மூடியால் அளந்து ஊற்றுவார்கள், அது அவர்கள் கைப்பழக்கம். நாம் மருந்துக்கடையில் ஊசியில்லாத சிரிஞ்சு வாங்கிக்கொள்வோம். 200 கிராம் ரெசினுக்கு இரண்டு மில்லி, அதாவது ஒரு சதவீதம். நம் வெயிலுக்கு அது போதும். ஒரு நேரத்தில் அதற்கு மேல் கலக்கவும் வேண்டாம். கப்பில் குவிந்திருக்கும் ரெசின் தன் சூட்டிலேயே வெந்து, புகைந்து, கட்டியாகிவிடும். அகலத் தட்டில் ஊற்றிவைத்தால் கொஞ்சம் நேரம் தாங்கும்.

மேட் எனப்படும் கண்ணாடி நார்த்துணியைச் சரிவுக்கு ஏற்ற அளவில் துண்டுகளாக வெட்டி அடுக்கிவிட்டு, பிரஷ்ஷால் தீட்டாதீர்கள், குத்துங்கள். மேஸ்திரியின் பிரஷ்ஷில் மயிர் பாதி நீளத்துக்கு வெட்டப்பட்டிருந்தது, குத்துவதற்காகவே. வெள்ளையாகத் தெரியும் இடமெல்லாம் காற்று. குத்தக் குத்த மேட் கண்ணாடி மாதிரி தெளியும். கடைசிப் பூச்சு மறுநாளும் பிசுபிசுக்கிறதே என்று பயந்து சிலர் ஹார்ட்னரைக் கூட்டுவார்கள். காரணம் அதுவல்ல, காற்று பட்டால் பாலியெஸ்டரின் மேற்பரப்பு சரியாக இறுகாது. மேலே பாலிதீன் தாள் ஒன்றைக் குமிழியில்லாமல் விரித்து ஒட்டிவிட்டால் முடிந்தது.

அப்படியானால் மேஸ்திரி செய்வதை அப்படியே செய்துவிடலாமா? ஈரம், சரிவு, குத்துவது, இந்த மூன்றையும் அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். கனத்தைக் கற்றுக்கொள்ளாதீர்கள். மீன்பிடிப் படகு கல்லிலும் மணலிலும் இழுபடுவது, அதற்கு ஒட்டின் மேல் ஒட்டு அழகு. லேசருக்கு அது சுமை. அதோடு, பழைய இறுகிய ஃபைபர் மேல் பாலியெஸ்டரைவிட எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும். கம்பக் குழாய் போன்ற உயிர்நாடி இடத்துக்கு எபாக்ஸிதான் என் கட்சி. ஆனால் பாலியெஸ்டர் பழக்கத்தை அங்கே கொண்டுபோகக் கூடாது. எபாக்ஸியில் ஹார்ட்னரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகாது, என்றைக்குமே சரியாக இறுகாது. டின்னில் போட்ட விகிதம் கிராம் பிசகக் கூடாது. மேட்டில் உள்ள பசை பாலியெஸ்டரில்தான் கரையும், எபாக்ஸிக்கு நெய்த கண்ணாடித் துணி வாங்குங்கள். ஈரக்காற்றில் இறுகிய எபாக்ஸியின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் படியும். அடுத்த பூச்சுக்கு முன் தண்ணீரும் ஸ்காட்ச் பிரைட்டும் வைத்துத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும்.

கார் டிங்கரிங் கடையில் புட்டி வாங்கி மட்டம் செய்துவிடலாம் என்று தோன்றும். தண்ணீருக்கு மேலே சரி. கீழே வேண்டாம், அந்தப் புட்டி ஈரம் குடிக்கும். சிலிக்கான் எந்த இடத்துக்கும் வேண்டாம். அது போன இடத்தில் பிறகு எதுவும் ஒட்டாது. திருகுகளுக்கு அடியில் வைக்க, கார் கண்ணாடி ஒட்டும் கடைகளில் உள்ள பாலியூரித்தேன் பசையே நல்லது. அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ரெசின் நாற்றம் மூன்றாவது மாடிவரை ஏறும். செயலாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அடுப்பும் சிகரெட்டும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சில்லறை. போல்ட், திருகு எல்லாம் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு கேளுங்கள். கடைக்காரர் 304ஐ எடுத்துக் கொடுப்பார், உப்பில் அது பழுப்பேறும். கம்பம் அலுமினியம். எஃகு ஆணி அதில் தொடும் இடத்தில் உப்புநீர் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும், நடுவில் ஒரு தடுப்புப் பூச்சு வேண்டும். சுக்கானும் நடுப்பலகையும் மரமாக இருந்து செய்வதானால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ஒட்டுப்பலகை வாங்குங்கள், 303 அல்ல. அறுத்த ஓரங்களை எபாக்ஸியால் மூடாமல் விட்டால் 710ஆக இருந்தும் பலனில்லை, தண்ணீர் புகுவது ஓரத்தில்தான். பாய்த்துணி நைவதற்கு முன்னால் தையல் நூல்தான் வெயிலில் நையும். இரண்டு தையலை நகத்தால் கீறிப் பாருங்கள், நூல் அறுந்தால் எல்லாத் தையலையும் மறுபடி ஓட்ட வேண்டும். சீட் கவரும் ரெக்சினும் தைக்கும் கடையில் கனமான மெஷின் இருக்கும். பாலியெஸ்டர் நூல், ஜிக்ஜாக் தையல் என்று சொல்லுங்கள். நேர்த்தையல் காற்றின் இழுப்பில் அறும்.

எப்போது தொடங்குவது? பொங்கல் கழிந்ததும். வடகிழக்குப் பருவமழை அடங்கி, ஜனவரிக் கடைசி தொடங்கி வெயிலும் வறட்சியும் கூடிவரும். காயவைப்பதற்கு ஒரு மாதம், சில படகுகளுக்கு இரண்டு. மார்ச் மாதத்துக்குள் ஒட்டு வேலை முடிந்துவிட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளெல்லாம் பழுதுபார்க்கக் கரையேறும். அப்போது மேஸ்திரி கிடைப்பது குதிரைக்கொம்பு. அக்டோபரில் தொடங்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் மேற்குத் தாம்பரத்தில் மழைக்காலம் பார்க்காதவர்.

முடிந்த படகை நம் ஏரிகளில் இறக்கலாமா என்று தம்பி கேட்டார். சேலையூர் ஏரி, மாடம்பாக்கம் ஏரி எல்லாம் பக்கத்தில்தான். ஆனால் அனுமதி இல்லாமல் இறங்க முடியாது, ஆகாயத்தாமரையும் சுக்கானை விடாது. கோவளம் கடற்கரையில் உடையும் அலையைத் தாண்டித் தனியாளாகப் பாய்மரத்தைக் கொண்டுபோவது பழகியவர்கள் வேலை. துறைமுகத்துக்குள் கிளப்பில் சேர்ந்து பழகுவதே புத்திசாலித்தனம்: அலை குறைவு, மீட்புப் படகு உண்டு, சொல்லித்தர ஆள் உண்டு. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் முழங்கால் ஆழத்துக்குக்கூடப் போக வேண்டாம்.

வெயிலில் நின்ற படகை உடனே தண்ணீரில் தள்ளாமல் நிழலில் கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள், தளத்தில் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றினாலும் சரி. ஆறிய பிறகு பின்மூடியை இறுக்குங்கள். திரும்பிக் கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலசி, மூக்கைத் தூக்கிவைத்து, மூடியைத் திறந்து பாருங்கள். அரை டம்ளர் வந்தால் சரி. ஒரு சொம்பு வந்தால் சோப்புத் தண்ணீரை மறுபடி கரைக்க வேண்டியதுதான்.